பாலைவனத்தில் ஓடிய பீரங்கி!

"பாதிரியார்" என்று பெயர் வந்தது எப்படி?

1942-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி. இரவு மணி 9-40.

எகிப்து நாட்டில் அல் அலமைன் என்ற இடம். எங்கும் பாலைவனம். நிலவு காய்ந்து கொண்டிருந்தது.

திடீர் என்று சுமார் 900 பீரங்கிகள் முழங்கின. பூமி அதிர்ந்தது! பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் படை, ஜெர்மன்–இத்தாலியப் படைகளைத் தாக்கத் தொடங்கியது.

இந்தப் போரில்தான் "பாதிரியார்" முதன் முதலாகக் களத்தில் இறங்கினார். அவர் மனிதர் அல்ல. தானே ஓடும் பீரங்கி!

ஏன் ஓட வேண்டும்?

அந்தக் காலத்துச் சாதாரண பீரங்கிக்கு எஞ்சின் கிடையாது. ஒரு வண்டி அதை இழுத்துச் செல்லும். சுட வேண்டுமானால், வண்டியில் இருந்து கழற்றி, திருப்பி நிறுத்த வேண்டும். இடம் மாற வேண்டுமானால் மறுபடியும் பூட்ட வேண்டும்.

பாலைவனத்தில் ஒளிந்துகொள்ள மரம் ஏது? பீரங்கியைப் பூட்டும் அந்தச் சில நிமிடங்களில் எதிரியின் குண்டு வந்து விழுந்தால், வீரர்களின் கதி என்ன?

ஆகவே, டாங்கியின் அடிப்பாகத்தில் பீரங்கியை ஏற்றினார்கள். ஜெர்மானியரும் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் பிடித்த டிராக்டர்கள் மீது பெரிய பீரங்கிகளைப் பொருத்தி, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அவசரத்தில் பிறந்த "பிஷப்"

பிரிட்டிஷார் வாலண்டைன் டாங்கி மீது தங்கள் "25 பவுண்டு" பீரங்கியை ஏற்றினர். சுற்றிலும் உயரமான இரும்புப் பெட்டி. "பிஷப்" என்று பெயர் வைத்தனர்.

அங்கேதான் வந்தது வினை! குழாயைத் தூக்கினால்தான் குண்டு தொலைவில் போய் விழும். பெட்டிக்குள் குழாயை அதிகம் தூக்க முடியவில்லை. தரையில் வைத்துச் சுட்டால் சுமார் 12 கிலோ மீட்டர் பாயும் குண்டு, பிஷப்பில் இருந்து சுமார் 6 கிலோ மீட்டர்தான் போயிற்று.

வீரர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? மண்ணைச் சரிவாகக் குவித்து, அதன் மேல் வண்டியை ஏற்றினார்கள். வண்டி நிமிர்ந்தது, குழாயும் நிமிர்ந்தது! ஆனால், மண் மேடு போட்டுக் கொண்டிருந்தால், ஓடும் பீரங்கியால் என்ன லாபம்?

அமெரிக்காவின் உதவி

1942 ஜூன் 21-ந் தேதி, லிபியாவில் உள்ள டோப்ருக், ஜெர்மன் தளபதி ரோமலிடம் வீழ்ந்தது. அப்போது பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வாஷிங்டனில் இருந்தார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உதவ முன்வந்தார். 300 ஷெர்மன் டாங்கிகளும், தானே ஓடும் பீரங்கிகள் 100-ம் தருவதாக முடிவாயிற்று. செப்டம்பரில் 90 பீரங்கிகள் எகிப்து வந்து சேர்ந்தன.

இவற்றின் குண்டு 10 கிலோ மீட்டருக்கும் மேல் பாய்ந்தது. மண் மேடு தேவை இல்லை!

இயந்திரத் துப்பாக்கி வைக்கும் இடம், மாதா கோவிலில் பாதிரியார் நின்று பேசும் பிரசங்க மேடையைப்போல வட்டமாக இருந்தது. அதனால்தான் "பிரீஸ்ட்", அதாவது பாதிரியார், என்று பெயர்!

இதிலும் ஒரு குறை. பீரங்கி அமெரிக்கப் பீரங்கி. பிரிட்டிஷ் குண்டு அதற்குப் பொருந்தாது. தனிக் குண்டு, அதைச் சுமக்கத் தனி லாரி! பாலைவனத்தில் குடிதண்ணீரே லாரியில்தான் வரவேண்டும். இந்தத் தொல்லை தீர, பிரிட்டிஷ் பீரங்கியையே ஏற்றி "செக்ஸ்டன்" என்ற வண்டியைக் கனடாவில் செய்தார்கள். அது 1943-ல் வந்தது.

நவம்பர் 4-ந் தேதி ரோமல் பின்வாங்கினார். அந்த வெற்றியில் பெரும் பங்கு, இழுத்துச் செல்லும் பழைய பீரங்கிகளுக்கே! இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

பீரங்கி ஓடினால் மட்டும் போதாது. குண்டு எட்ட வேண்டும். வேண்டிய நேரத்தில் கைக்கும் கிட்ட வேண்டும். மேஜையில் படம் போட்டவர்கள் மறந்ததை, மணலில் நின்ற வீரர்கள் மண்வெட்டி பிடித்து ஈடு செய்தார்கள்!