விளையாட ஒரு பிடி மாவு

கொழுக்கட்டை செய்யத் தெரிந்தவர்களுக்குக் குழந்தைகளின் விளையாட்டு மாவு செய்யவும் தெரியும். பச்சரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்து போகும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கிளறினால் அதே மாவு திரண்டு, விரலில் ஒட்டாமல், சொப்பு பிடிக்கத் தோதாக வந்துவிடும். காரணம் மாவுச்சத்து. அதன் நுண்ணிய குருணைகள் குளிர்ந்த நீரில் கரையாது. சூடு ஏறினால் நீரைக் குடித்து உப்பி, உடைந்து, உள்ளே சுருண்டிருக்கும் நீளமான மூலக்கூறுகளை வெளியே விட்டுப் பசையாகும். சின்னப் பிள்ளைகள் பிசையவும் அள்ளவும் வீட்டில் செய்து தரக்கூடிய பொருள்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே சத்தை வைத்துத்தான்.

கடையில் விற்கும் ‘ப்ளே-டோ’வும் அதே சரக்குதான். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடோல் என்ற சோப்புக் கம்பெனி 1930களில் சுவர்த்தாள் துடைக்க ஒரு மாவு செய்து விற்றது. நிலக்கரி அடுப்பின் கரி சுவரெல்லாம் படியும். தண்ணீர் பட்டால் சுவர்த்தாள் கெட்டுவிடும். அதனால் மாவை உருட்டித் தேய்த்துக் கரியை ஒற்றி எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளுக்கு எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனி நடத்திய குடும்பத்துக்கு உறவினரான கே ஸுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அந்த மாவைத் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. 1956இல் அது பொம்மைச் சரக்காகக் கடைக்கு வந்தது. முதலில் வெள்ளை மட்டும். சிவப்பு, நீலம், மஞ்சளெல்லாம் அடுத்த ஆண்டுதான். இன்றைக்கும் டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பங்கு கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். விலைச் சீட்டைப் பார்க்கும்போது இது ஞாபகத்தில் இருந்தால் நல்லது.

வீட்டுக் கணக்கு இதுதான்: ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனத்த வாணலியில் சிறு தீயில் வைத்துக் கிளற வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கோதுமையின் மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸில் உப்பத் தொடங்கும். அதன்பின் அடியில் திப்பி திப்பியாகக் கட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் வாணலியின் ஓரத்தை விட்டுக் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் வேலை முடிந்தது. வேகவைக்காமல் செய்தால் என்ன? சப்பாத்தி மாவில் யானை செய்து பாருங்கள். இழுத்து நீட்டிய தும்பிக்கை மெல்லச் சுருங்கிக்கொள்ளும். அது கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தின் வேலை. வெந்தால் அதன் இழுவை போய்விடும், நீட்டியது நீட்டியபடி நிற்கும். பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதாலும் வேகவைப்பதே நல்லது.

அரிசி மாவிலும் செய்யலாம். ஆனால் மறுநாளே கல்லாகிவிடும்; பிரிந்த மூலக்கூறுகள் ஆறியதும் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் வினை இது. மைதா மாவு, மூடி இறுக்கமான டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்தால், பல நாள் தாங்கும். பூஞ்சை வராமல் காப்பது உப்பு. அந்த உப்பே சென்னை போன்ற ஊர்களில் தொல்லையும் தரும்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும், மாவு பிசுபிசுக்கும். ஒரு கை உலர்ந்த மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும்.

நிறத்தில்தான் உண்மையான சுவாரஸ்யம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் தங்கும். அதன் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். ஆகவே முதலில் எண்ணெயில் குழைத்துவிட்டு மாவில் சேர்த்தால் நிறம் பளிச்சென்று பிடிக்கும். மஞ்சள் மாவு உருண்டை ஒன்றில் சமையல் சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டிவிட்டுப் பாருங்கள், அந்த இடம் செம்பழுப்பாகச் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டதும் சிவப்பதும், சுண்ணாம்பு சேர்த்த ஆரத்தி சிவப்பதும் இதே காரத்தன்மையால்தான். (சுண்ணாம்பைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவர வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.) பீட்ரூட் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், இறக்கி ஆறிய பிறகு சேர்க்க வேண்டும், வெயிலில் வைக்கவும் கூடாது. கீரைச் சாற்றின் பச்சை புளிப்பு பட்டால் மங்கிவிடும், எலுமிச்சை கூடாது. நீலத்துக்குச் சங்குப்பூ. இதழ்களை வெந்நீரில் போட்டால் அடர்நீலம் இறங்கும். இதற்கும் முதலில் எலுமிச்சை சேர்க்கக் கூடாது, ஆனால் காரணம் வேறு: நீல மாவைத் தட்டி வைத்து, எலுமிச்சை மூடியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். சாறு விழுந்த இடமெல்லாம் ஊதாவாகும். நான்கு வயதுக்காரருக்கு அமிலம் என்றால் என்ன என்று சொல்ல இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கோலத்துக்கு விற்கும் கலர் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். அது வாயில் போகும் என்று நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

வேகாத மாவுச்சத்து வேறொரு வித்தை காட்டும். கார்ன் ஃப்ளவர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பொடிதான் வேண்டும், மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு சரிப்படாது. இந்தக் கூழில் விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் தடுக்கும். கையில் அள்ளி உருட்டிக்கொண்டே இருந்தால் உருண்டையாக நிற்கும், உருட்டுவதை நிறுத்தியதும் விரலிடுக்கில் ஒழுகிவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் நிதானமாக நடந்தால் வழி கிடைக்கும், இடித்துக்கொண்டு பாய்ந்தால் எல்லாரும் நெரிந்து நின்றுவிடுவார்கள் அல்லவா, குருணைகளுக்கும் அதே கதி. கூழைத் தடி கொண்டு குத்தினால் தடிக்குக் கீழே நெரிசல் திரண்டு, திடமான கட்டியாகக் கீழ்நோக்கி வளர்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள்.

இதையெல்லாம் பிசைந்தால் மூளை வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் ஒரு கையின் உள்பக்கத் தோலில் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடுவுணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மொபைல் கண்ணாடியின் வழவழப்பு மட்டுமே தெரிந்தால் பாவம்தான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளை விரலால் தடவவைத்தவர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் அந்த வகைதான். தட்டில் வண்ண அரிசி பரப்பினால் அதிலும் எழுதலாம்: ஒரு கப் அரிசி, உணவு நிறம் கலந்த ஒரு தேக்கரண்டி வினிகர், டப்பாவில் போட்டுக் குலுக்கி நிழலில் உலர்த்தினால் போதும். அரிசியை விளையாடக் கொடுக்க மனம் வராத வீடுகள் உண்டு, அது நியாயமும்கூட. வண்டு விழுந்து ஒதுக்கிய அரிசியைக் காயவைத்துச் சலித்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வயது ஆகாத பிள்ளைகளுக்கு அரிசி, கடலை, பட்டாணி எதுவும் வேண்டாம். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் போகும். கடையில் விற்கும் வண்ண நீர்மணிகள் அதைவிட மோசம். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. வழுவழுப்புதான் வேண்டுமென்றால் ஊறவைத்த சப்ஜா விதை இருக்கிறது, குழைய வெந்த ஜவ்வரிசி இருக்கிறது. எதுவானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். உப்பு மாவை ஒரு பிடி விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து.

விளையாடி முடித்த கார்ன் ஃப்ளவர் கூழைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். தரையில் சிந்தியதையும் உடனே துடைக்கப் போக வேண்டாம். காயவிட்டால் பழையபடி பொடியாகிவிடும், துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம்.