ஊர்க்காவலும் ரேகைச் சட்டமும்

மேகமலை அடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குடியானவனும் திருட்டுப் பயமின்றி உறங்க வேண்டுமென்பதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அதற்கு வழி யாது?

இப்பள்ளத்தாக்கு மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில் அன்னிய சர்க்கார் கண்ட வழியை நாம் மறத்தலாகாது. 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஊர்க்காவல் புரிந்து பிழைத்த பிரமலைக் கள்ளர் அதற்கு இரையாயினர். ஒரு பொருளும் திருடாதவன்கூட, பிறந்த குலத்தின் பொருட்டே, கைரேகை பதித்து இரவில் போலீஸ் ஸ்டேஷனில் படுக்க நேர்ந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்களைப் போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் வீரப் பெண்மணி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோர் இடைவிடாது எதிர்த்த இச்சட்டம் 1947-இல் இம்மாகாணத்தில் ரத்தாயிற்று.

அதே சர்க்கார் திறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளோ தேனி ஜில்லாவில் இன்றும் நிலைத்திருக்கின்றன. ரேகைப் புஸ்தகம் மறைந்தது. பாடப் புஸ்தகம் நின்றது!

எனினும், ஒரு வீட்டில் களவு போனால் ஒரு தெருவையே சுட்டும் விரல்கள் இன்னும் உண்டு. குற்றவாளியைச் சட்டம் பிடிக்கட்டும். குலத்தைப் பிடிக்க வேண்டாம். அண்டை வீட்டானை நம்பும் ஊருக்கே காவல் உண்டு.