பழங்கோப்பும் பழைய மடிக்கணினியும்

நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய ஆண்டுமலர், பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் கோப்பாக நெகிழ்வட்டில் உறங்குமெனின், அதனைத் திறத்தற்கு இன்றைய கணினி எளிதில் உதவாது. அம்மென்பொருளின் இறுதியான ஏழாம் பதிப்பே 2001ஆம் ஆண்டினது. ஆகவே, அக்காலத்து மடிக்கணினி ஒன்றை மலிவில் தேடுதல் தகும்.

முதற்கண் பணிசெயல் முறைமையைத் துணிக; பின்னரே பொறியை வாங்குக. விண்டோஸ் 98 வேண்டுவோர்க்கு, 2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட திங்க்பேட் டி20 போன்றது பொருந்தும். நினைவகம் மிகுதல் நன்றென்பர் பலர். 512 மெகாபைட்டை விஞ்சின் அம்முறைமை இடர்ப்படும். எக்ஸ்பி போதுமெனின் தெரிவு விரியும். ஆயின் சாட்டா வன்தட்டுடைய பொறியில், பயோஸில் ஐ.டி.இ. இணக்கமுறை உண்டா எனக் காண்க. இல்லையேல் நிறுவும்போதே வன்தட்டுத் தென்படாது போகலாம்.

மின்கலம் பழுதாயிருத்தல் பெருங்குறையன்று. மின்னிணைப்பி உடனிருந்தாற் போதும். திரையும் கீலும் நெகிழ்வட்டுச் செலுத்தியுமே கருதத்தக்கன. மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் பிடித்த வட்டைத் துடைக்காது செலுத்தின், வாசிப்புத் தலையும் மாசுறும். அடுத்த வட்டும் கெடும்.

எக்ஸ்பிக்குரிய பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றன. ஆதலின் இணையத்தொடர்பு வேண்டா. கோப்புத் திறந்தவுடன் அச்சிட்டு ஒரு படி நூலகத்திற் சேர்க்க. பொறி நெடுநாள் வாழாது.