செருகுநிரல் வழி வலை அசைவூட்டம்

செருகுநிரல் வழி வலை அசைவூட்டம் என்பது, வலைப்பக்கத்தில் இடம்பெறும் அசையும் படங்களை உலாவி தானே காட்டாமல், தன்னுடன் இணைக்கப்பட்ட வேறொரு மென்பொருளைக் கொண்டு காட்டும் முறை ஆகும். இவ்வாறு இணைக்கப்படும் மென்பொருள் செருகுநிரல் அல்லது பிளக்-இன் எனப்படும். 1990களின் நடுப்பகுதி முதல் சுமார் இருபது ஆண்டுகள் இம்முறை பரவலாக வழங்கியது. பிளாஷ், ஷாக்வேவ், ஜாவா குறுநிரல், சில்வர்லைட் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் மிகுதியாகப் பயன்பட்டது பிளாஷ் ஆகும். அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது.

இன்று முதன்மை உலாவிகள் எவையும் இச்செருகுநிரல்களை இயக்குவதில்லை. எனினும் ஒரு வலைத்தளத்தில் அசைவூட்டம் தேவையா, தேவையெனில் அதை எவ்வடிவில் வைப்பது என்ற கேள்வி இன்றும் உள்ளது. தமிழ் வலைத்தளங்களைப் பொறுத்தவரை இக்கேள்வியுடன் எழுத்துருச் சிக்கலும் சேர்ந்திருந்ததால், பிளாஷின் வரலாறு தமிழ்க் கணிமை வரலாற்றின் ஒரு பகுதியாகவும் அமைகிறது.

இயங்கும் முறை

உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எச்.டி.எம்.எல் குறிகளைப் படித்து எழுத்துகளையும் படங்களையும் வரிசைப்படுத்துகிறது. செருகுநிரலுக்குரிய கோப்பு எதிர்ப்படும்போது, பக்கத்தில் ஒரு செவ்வக இடத்தை ஒதுக்கி அதைச் செருகுநிரலிடம் ஒப்படைக்கிறது. அச்செவ்வகத்தினுள் நிகழும் வரைதல், ஒலி, சொடுக்குதல் அனைத்தும் செருகுநிரலின் பொறுப்பு ஆகும். உள்ளே இருப்பது எழுத்தா படமா என்பது உலாவிக்குத் தெரியாது. இம்முறையின் பயன்கள், குறைகள் ஆகிய இரண்டிற்கும் இந்த ஏற்பாடே காரணம்.

வரலாறு

நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவியின் 2ஆம் பதிப்பு செருகுநிரல்களுக்கு வழி ஏற்படுத்தியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3, இதே பணிக்கு ஆக்டிவ்-எக்ஸ் என்னும் வேறு நுட்பத்தைக் கொண்டுவந்தது.

பியூச்சர்வேவ் நிறுவனத்தில் ஜோனதன் கே உள்ளிட்டோர் உருவாக்கிய பியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்னும் மென்பொருள் 1996இல் வெளியானது. அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி, பிளாஷ் எனப் பெயர் சூட்டியது. 2000இல் வெளிவந்த பிளாஷ் 5, ஆக்சன்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியைக் கொண்டிருந்தது. 2002இல் வந்த 6ஆம் பதிப்பு நிகழ்படத்தையும் இயக்கியது. 2005இல் தொடங்கப்பட்ட யூடியூப் தன் தொடக்க ஆண்டுகளில் பிளாஷையே நம்பியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்ரோமீடியாவை அடோபி நிறுவனம் கையகப்படுத்தியது.

பயன்கள்

பிளாஷ் பரவியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. கிஃப் வகை அசைபடம் ஒவ்வொரு சட்டத்தையும் புள்ளிகளாகச் சேமிப்பதால் கோப்பு விரைவில் பெரிதாகும், ஒலியும் இராது. பிளாஷ் கோப்போ கோடுகளையும் வளைவுகளையும் கணித விவரிப்பாகச் சேமித்தது. ஆதலால் சிறிய கோப்பில் நீண்ட அசைவூட்டத்தையும் ஒலியையும் தர முடிந்தது. உலாவிக்கு உலாவி பக்கங்கள் வேறுபட்டுத் தோன்றிய அக்காலத்தில் பிளாஷ் ஆக்கம் எங்கும் ஒரே மாதிரி தெரிந்தது.

அசைவின்றி விளங்கிக்கொள்ள இயலாத பொருள்களுக்கு இது பெரிதும் உதவியது. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். லீவர் பூட்டின் உள்ளே பல தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கும்போது வெட்டுகள் யாவும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. அப்போதுதான் தாழில் உள்ள முளை அவ்வழியே நுழைந்து, தாழ் நகர்கிறது. ஒரு தகடு சற்றுக் கூடுதலாக உயர்ந்தாலும் குறைவாக உயர்ந்தாலும் பூட்டு திறவாது. இதைப் பத்து வரிகளில் எழுதுவதைவிட ஐந்து நொடி அசைவூட்டம் தெளிவாகக் காட்டும்.

கல்வியிலும் இதற்கு இடமிருந்தது. கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் அறிவியல் பாவனையாக்கங்கள் தொடக்கத்தில் ஜாவாவிலும் பிளாஷிலும் எழுதப்பட்டன. அவை பின்னர் எச்.டி.எம்.எல் 5 வடிவில் மீண்டும் ஆக்கப்பட்டு, தமிழ் உட்படப் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டன.

தமிழ் எழுத்துகளும் பிளாஷும்

2000களின் தொடக்கத்தில் தமிழ் வலைத்தளங்கள் பல்வேறு எண்பிட்டுக் குறியேற்றங்களைப் பயன்படுத்தின. தமிழ்நாடு அரசு 1999இல் டேம், டேப் ஆகிய குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. தகுதரம் என வழங்கும் டிஸ்கியும் புழக்கத்தில் இருந்தது. உரிய எழுத்துருவை நிறுவாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. எனவே பல தளங்கள் முதற்பக்கத்திலேயே எழுத்துருவைப் பதிவிறக்கி நிறுவுமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டன. உலாவு மையங்களில் பொதுக் கணினியைப் பயன்படுத்தியோர்க்கு இது எப்போதும் இயலக்கூடியதன்று.

பிளாஷ் இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. எழுத்துகளின் வடிவத்தைக் கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்பினால், வாசகர் கணினியில் எழுத்துரு இல்லாவிடினும் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அவ்வாறு தெரிந்த தமிழை வாசகர் படிக்க முடிந்ததே தவிர, கணினியால் தமிழ் என அறிய முடியவில்லை. எழுத்துகள் கோடுகளாக மாற்றப்பட்டிருந்தால் அங்கே வெறும் வரைபடமே மிஞ்சியது. எண்பிட்டுக் குறியேற்றத்தில் இருந்தால் தேடுபொறிக்குக் கிடைத்தவை தொடர்பற்ற குறிகளே.

ஒருங்குறித் தமிழைப் பிளாஷில் இடுவதும் எளிதாக இருக்கவில்லை. ஒருங்குறியில் "கெ" என்பது முதலில் ககரமாகவும் அடுத்து எகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னே வரவேண்டும். "கொ" என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கினால் தமிழ் சிதைந்து தோன்றும். இத்தகைய எழுத்துமுறைகளுக்கான புதிய எழுத்துப் பொறி 2008 அக்டோபரில் வந்த பிளாஷ் பிளேயர் 10இல்தான் இடம்பெற்றது. ஆக்கக் கருவியில் அதை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி 2010இல் சி.எஸ் 5 பதிப்பில் கிடைத்தது. விண்டோஸ் 2000 முதலே இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ் வந்துவிட்டதால், சாதாரண வலைப்பக்கம் இவ்வகையில் பிளாஷை முந்தியிருந்தது.

குறைகள்

பதிவிறக்கச் சுமை: இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டையின் குறைந்த அளவாக வகுத்தது. அவ்வேகத்தில் ஒரு மெகாபைட் அளவுள்ள முகப்பு அசைவூட்டம் வந்துசேர அரை நிமிடத்திற்கு மேலாகும். 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். அதே தொலைபேசி இணைப்பில் 20 கிலோபைட் அளவுள்ள தமிழ் உரை மூன்று நொடிகளில் வந்துவிடும். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திய வாசகருக்கு இந்த வேறுபாடு நேரடிச் செலவு ஆகும்.

தேடலும் இணைப்பும்: முழுத்தளமும் ஒரே பிளாஷ் கோப்பாக இருந்தால், உள்ளே இருக்கும் ஒரு பகுதிக்குத் தனி முகவரி இராது. அதைக் குறித்துவைக்கவோ பிறருக்கு அனுப்பவோ இயலாது; உலாவியின் பின்செல் பொத்தானும் எதிர்பார்த்தபடி இயங்காது. ஆக்குநர் கூடுதல் நிரல் எழுதினால் மட்டுமே இதைச் சரிசெய்ய முடிந்தது. பிளாஷ் கோப்பினுள் உள்ள எழுத்துகளைப் படிக்கும் திறனைக் கூகிள் 2008இல் மேம்படுத்தியது. எனினும் எண்பிட்டு எழுத்துருவிலும் கோடுகளிலும் அமைந்த தமிழுக்கு அதனால் பயனில்லை.

அணுக்கம்: பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பிகளுடன் பிளாஷ் உரையாடும் வசதி 2002இல் விண்டோஸ் கணினிகளில் வந்தது. ஆயினும் ஒவ்வொரு பொத்தானுக்கும் படத்திற்கும் ஆக்குநரே விவரம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தில் திரைபடிப்பிக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பாதுகாப்பு: செருகுநிரலில் உள்ள ஓட்டை, அதை நிறுவிய ஒவ்வொரு கணினிக்கும் வாயில் ஆகும். 2015 ஜூலையில் ஹேக்கிங் டீம் என்னும் நிறுவனத்தின் கோப்புகள் கசிந்தபோது, அதுவரை வெளியுலகம் அறியாத பிளாஷ் ஓட்டைகள் தெரியவந்தன. மொசில்லா அப்போது பயர்பாக்ஸ் உலாவியில் பிளாஷைத் தற்காலிகமாகத் தடுத்தது.

உரிமைச் சிக்கல்: உலாவியினுள் பிற நிரலை இயக்கும் முறைக்குக் காப்புரிமை கோரிய ஈயோலாஸ் நிறுவனம் மைக்ரோசாப்டுக்கு எதிராக 2003இல் தீர்ப்புப் பெற்றது. அதன் விளைவாக 2006 முதல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பிளாஷைப் பயன்படுத்த முதலில் ஒருமுறை சொடுக்க வேண்டியதாயிற்று. தளம் நடத்துவோர் எந்தத் தவறும் செய்யாமலே அவர்களின் பக்கம் இயங்கும் விதம் மாறியது. 2007இல் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்ட பின்னர், 2008இல் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

வழக்கொழிதல்

2007இல் வெளியான ஐபோன் பிளாஷை ஆதரிக்கவில்லை. ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளியிட்ட திறந்த மடலில் மின்கலச் செலவு, பாதுகாப்பு, தனியுரிமக் கட்டுப்பாடு முதலியவற்றைக் காரணங்களாகக் கூறினார். 2011 நவம்பரில் அடோபி கைபேசி உலாவிகளுக்கான பிளாஷ் மேம்பாட்டை நிறுத்தியது. எச்.டி.எம்.எல் 5, 2014 அக்டோபரில் முறையான பரிந்துரை ஆனது. 2015 ஜனவரியில் யூடியூப் அதைத் தன் இயல்பு வடிவமாக்கியது. 2017 ஜூலையில் அடோபி பிளாஷின் முடிவுநாளை அறிவித்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயரே கோப்புகளை இயக்க மறுத்தது.

மூன்றரை ஆண்டு முன்னறிவிப்பு இருந்தும் எல்லோரும் மாறிவிடவில்லை. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை தன் வரிப் படிவங்கள் சில பிளாஷிலேயே இருந்தமையால், அவற்றைத் திறக்கத் தனி உலாவி ஒன்றை 2021 ஜனவரியில் வெளியிட நேர்ந்தது. ஓர் அரசுத் துறையால் இது முடிந்தது. தனியொருவரோ சிறு அமைப்போ நடத்தும் தளத்தால் முடியாது; அதன் பக்கத்தில் வெற்றுச் செவ்வகமே எஞ்சும்.

முடிவெடுக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து, அசைவூட்டம் சேர்க்கும் முன் கேட்கவேண்டிய வினாக்களைத் தொகுக்கலாம்.

1. பொருளே அசைவா, அல்லது அசைவு அணிகலனா? பூட்டின் தகடுகள் உயர்வது பொருள். கடையின் பெயர் சுழன்று வருவது அணிகலன். பின்னதை விலக்குவதால் வாசகருக்கு இழப்பில்லை.

2. அசைவூட்டம் இயங்காவிட்டால் எது மிஞ்சும்? பூட்டு வகை, விலை, முகவரி, செய்முறை விளக்கம் ஆகியன அசைவூட்டத்திற்கு வெளியே ஒருங்குறி உரையாக இருக்கவேண்டும். அசைவூட்டத்தின் இடத்தில் ஒரு நிலைப்படமும் இருப்பது நன்று.

3. வடிவத்தின் உரிமையாளர் யார்? ஒரே நிறுவனம் ஆதரிக்கும் வடிவம் அந்நிறுவனம் கைவிடும் நாளில் மறையும். பலரும் செயல்படுத்தும் திறந்த தரம் அவ்வாறு ஒருவரால் நிறுத்தப்படுவதில்லை.

4. வாசகர் கையில் என்ன கருவி உள்ளது? அன்று உலாவு மையக் கணினி. இன்று குறைந்த விலைக் கைபேசி. ஆக்குநரின் கணினியில் விரைவாக இயங்குவது சான்றாகாது.

5. வாசகர் அதை நிறுத்த முடியுமா? 2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுக்க வழிகாட்டி 2.0, பிற உள்ளடக்கத்துடன் தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்கவேண்டும் என்கிறது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சி வலிப்பு நோய் உள்ளோர்க்கு ஆபத்தானது ஆகையால் அதையும் விலக்கச் சொல்கிறது.

பிளாஷ் உயிருடன் இருந்த காலத்திலும் இவ்வினாக்களுக்குரிய விடை, பெரும்பாலான தளங்களுக்கு ஒன்றே: உரை வெளியே, தேவையான அசைவு மட்டும் சிறு பெட்டியில். அவ்வாறு அமைத்த தளம் 2021இல் ஒரு படத்தை மட்டுமே இழந்தது. முழுத்தளத்தையும் பிளாஷில் அமைத்தவர் முழுவதையும் இழந்தார்.

இன்றைய மாற்று வழிகள்

கோட்டுப்படங்களுக்கு எஸ்.வி.ஜி பொருத்தமானது. 2001இல் பரிந்துரையான இவ்வடிவத்தில் எழுத்துகளை எழுத்துகளாகவே வைக்கலாம் என்பதால் தமிழுக்கு உகந்தது. எளிய நகர்வுகளுக்கு சி.எஸ்.எஸ் போதும். விளையாட்டு, பாவனையாக்கம் ஆகியவற்றுக்கு கேன்வாஸ் என்னும் வரைபரப்பும் ஜாவாஸ்கிரிப்டும் பயன்படுகின்றன. ஆனால் கேன்வாஸில் வரையப்படும் எழுத்தும் வெறும் புள்ளிகளே ஆகும். செருகுநிரல் இல்லை என்பதால் மட்டும் பழைய குறை நீங்கிவிடாது. உரையைத் தனியே தரவேண்டிய தேவை இங்கும் உண்டு.

பழைய ஆக்கங்களைக் காத்தல்

ரஸ்ட் மொழியில் எழுதப்படும் ரபிள் என்னும் திறந்த மூலப் போன்மி, செருகுநிரல் இன்றியே பிளாஷ் கோப்புகளை உலாவியில் இயக்குகிறது. இணைய ஆவணகம் 2020 நவம்பர் முதல் இதன் துணையுடன் பழைய பிளாஷ் ஆக்கங்களைத் திறந்து காட்டி வருகிறது. 2018இல் தொடங்கிய பிளாஷ்பாயிண்ட் திட்டமும் இப்பணியைச் செய்கிறது. எல்லாக் கோப்புகளும் பிழையின்றி இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தமிழ்ப் பாடல்கள், அரிச்சுவடிகள், பாட விளக்கங்கள் முதலியவற்றைப் பிளாஷில் ஆக்கியோர் தம்மிடம் உள்ள இயங்கு கோப்பையும் மூலக் கோப்பையும் சேர்த்துக் காப்பது நன்று. மூலக் கோப்பு இருந்தால் அசைவுகளைப் புதிய வடிவுக்கு மாற்றலாம். நிரற்பகுதியை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். மூலக் கோப்பு இல்லையெனில் போன்மியில் இயக்கி நிகழ்படமாகப் பதிவுசெய்யலாம். இரு நிலைகளிலும் உள்ளே இருக்கும் தமிழ் உரையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து உடன் வைத்தால், அது முதன்முறையாகத் தேடலுக்கும் கிடைக்கும்.