கால்வாய்க் கரையில் பைக் தடம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரித் தொழில் நலிந்த மலையூர்களுக்காக 2000-இல் ஹாட்ஃபீல்டு-மெக்காய் மோட்டார் வண்டித் தடங்கள் திறக்கப்பட்டன. அனுமதிச்சீட்டு வாங்கித்தான் ஓட்ட முடியும். வருகிறவர்கள் தங்குவதும் உண்பதும் அந்த ஊர்களில்தான். அதே வழியை இங்கும் முயலலாம். நம் கல்லணைக் கால்வாய் 1934-இல் திறக்கப்பட்டது. தஞ்சாவூரைக் கடந்து பேராவூரணிக் கடைமடைவரை நீள்கிறது. அதன் கரையில், வண்டி போகத்தக்க இடங்களில் பைக் தடம் அமைத்தால், குறுவை பொய்த்த ஆண்டிலும் கரையோரத்து இட்லிக்கடையிலும் பஞ்சர் கடையிலும் காசு புரளும். கரை உடையாதா என்ற அச்சம் நியாயமானது. உடைந்தால் மூழ்குவது வயலல்லவா? ஆகவே கனரக வண்டிகளுக்கு இடமில்லை, மழைக்காலத்தில் தடத்தை மூட வேண்டும், கட்டணம் முதலில் கரைப் பராமரிப்புக்கே போக வேண்டும். அறுவடை நாட்களில் வழி விவசாயிக்கே. இந்த நிபந்தனைகள் இல்லாத எந்தத் திட்டத்தையும் கிராம சபைகள் ஏற்கக் கூடாது.