யாருடைய கோப்பை முதலில் நிரம்பும்?

புதுதில்லி: தில்லியில் சித்திரை பிறந்துவிட்டால் பகல் பொழுதில் தெருக்கள் வெறிச்சோடிவிடும். "லூ" எனப்படும் அனல்காற்று அடங்கி, வெயில் தாழ்ந்த பிறகுதான் மக்கள் வெளியே தலைகாட்டுவர். ஐபிஎல் கிரிக்கெட் நடைபெறும் ஏப்ரல், மே மாதங்களில் அந்த மாலைப் பொழுதுக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. கன்னாட் பிளேஸ் மதுக்கூடங்களிலும், எல்லை தாண்டி ஹரியாணாவின் குருகிராமில் தாங்களே பீர் காய்ச்சி விற்கும் விடுதிகளிலும் இரவு 7.30 மணி ஆட்டத்துக்கு முன்னதாகவே மேஜைகள் நிரம்பிவிடுகின்றன. சுவரில் பெரிய திரை. மேஜையில் தந்தூரிக் கோழியும் பனீர் டிக்காவும். சுற்றிலும், பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்து வாரம் முழுவதும் ஒருவரையொருவர் காண முடியாத நண்பர்கள். கையில் குளிர்ந்த பீர்க் கோப்பை.

உழைத்துக் களைத்தவர்கள் நண்பர்களுடன் உண்டு, குடித்து, ஆட்டம் பார்ப்பதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால், இந்தக் கொண்டாட்டத்தின் ஒவ்வோர் அங்கத்துக்கும் நீர் தேவை. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். கொதிகலனுக்கும், குளிரூட்டலுக்கும், புட்டிகளைக் கழுவவும் ஆலையில் செலவாகும் நீர் தனி. கிரிக்கெட் மைதானத்தின் பச்சைப் புல்லுக்கு அன்றாடம் நீர் பாய்ச்ச வேண்டும். பீர் மிக அதிகமாக விற்பனையாவதும், ஐபிஎல் நடப்பதும், அணைகளின் நீர்மட்டம் அடிமட்டத்தைத் தொடுவதும் ஆண்டின் அதே மாதங்களில்தான்.

கொண்டாட்டமும் தாகமும் நீதிமன்றத்திலேயே நேருக்கு நேர் நின்ற கோடை ஒன்று உண்டு. அது 2016-ஆம் ஆண்டின் கோடை.

ரயிலில் வந்த குடிநீர்: 2014, 2015 என அடுத்தடுத்து இரு ஆண்டுகள் பருவமழை பொய்த்திருந்தது. 10 மாநிலங்களில் 256 மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 33 கோடி மக்கள் வறட்சியால் பாதிக்கப்பட்டிருப்பதாக, 2016 ஏப்ரலில் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்பது இதன் பொருள்.

மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மகாராஷ்டிர மாநிலத்தின் மராத்வாடா பகுதி. லாத்தூர் நகருக்கு நீர் வழங்கிய மாஞ்சரா அணை வறண்டது. குடிநீர்த் தொட்டிகள், லாரிகளைச் சுற்றிக் கைகலப்பு நேரக்கூடும் என அஞ்சிய மாவட்ட நிர்வாகம், நீர் வழங்கும் இடங்களில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என 144 தடை உத்தரவு பிறப்பித்தது. கலவரத்தின்போது பிறப்பிக்கப்படும் உத்தரவு, குடத்துடன் நின்ற பெண்களுக்காகப் பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரல் 12-ஆம் தேதி, மிரஜ் நகரிலிருந்து 10 டேங்கர் பெட்டிகளில் 5 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் லாத்தூர் வந்து சேர்ந்தது. சில நாள்களிலேயே அது 50 பெட்டிகளுடன், ஒரே நடையில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவரும் ரயிலாக மாறியது.

மாநிலம் மாறிய ஆட்டங்கள்: லாத்தூருக்கு ரயில் புறப்பட்ட அதே வாரத்தில் ஐபிஎல் போட்டிகள் தொடங்கின. மும்பை, புணே, நாகபுரி ஆகிய மூன்று நகரங்களிலும் ஆட்டங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. ஆடுகளப் பராமரிப்புக்கு ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் நீர் செலவாகும் எனக் கூறித் தன்னார்வ அமைப்பு ஒன்று மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. மக்களைவிடக் கிரிக்கெட் முக்கியமா எனக் கேட்ட நீதிமன்றம், ஏப்ரல் 30-க்குப் பிந்தைய 13 ஆட்டங்களையும் மாநிலத்துக்கு வெளியே மாற்ற ஏப்ரல் 13-ஆம் தேதி உத்தரவிட்டது. மே 1-ஆம் தேதி புணேயில் நடைபெறவிருந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது.

குடிநீரைத் தொடாமல், மும்பை குதிரைப் பந்தயத் திடலில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீரைக் கொண்டே மைதானத்தைப் பராமரிப்பதாகக் கிரிக்கெட் நிர்வாகிகள் முன்வந்தும் பயனில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. மும்பை அணியும், சென்னை அணி இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த அந்த ஆண்டில் மகேந்திர சிங் தோனி தலைமையேற்றிருந்த புணே அணியும் விசாகப்பட்டினத்தைத் தங்கள் களமாக்கிக் கொண்டன. மும்பையில் நடைபெற வேண்டிய இறுதி ஆட்டம் மே 29-இல் பெங்களூரில் நடைபெற்றது. ஹைதராபாத் அணி 8 ரன்கள் வித்தியாசத்தில் பெங்களூர் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

பீர் ஆலைகளும் வறண்ட அணையும்: கிரிக்கெட்டை அடுத்து பீர். மராத்வாடாவின் தலைநகரம் போன்றது ஒளரங்காபாத். 2023 முதல் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். அதையொட்டிய வாலுஜ் உள்ளிட்ட தொழிற்பேட்டைகளில் நாட்டின் பெரிய பீர் ஆலைகள் பல உள்ளன. கோதாவரியின் குறுக்கே பைட்டணில் கட்டப்பட்ட ஜாயக்வாடி அணையே நகரத்துக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நீராதாரம். 2016 கோடையில் மதகு வழியே நீர் வெளியேற முடியாத அடிமட்ட இருப்பு மட்டுமே அந்த அணையில் எஞ்சியிருந்தது.

கிராமங்கள் லாரி நீருக்குக் காத்திருக்கையில் ஆலைகளுக்குக் குழாயில் நீர் போவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. தொழில்துறைக்கென ஒதுக்கப்பட்ட நீரையே ஆலைகள் பெறுகின்றன என அன்றைய மாநில அமைச்சர் பங்கஜா முண்டே கூறியது கடும் விமர்சனத்துக்குள்ளானது. உயர் நீதிமன்றத்தின் ஒளரங்காபாத் கிளை, மது ஆலைகளுக்கான நீரை முதலில் 50 சதவீதமும், மே 10 முதல் 60 சதவீதமும் குறைக்க உத்தரவிட்டது. இந்தக் கட்டுப்பாடு ஜூன் இறுதி வரை நீடித்தது. மற்ற ஆலைகளுக்கும் ஓரளவு வெட்டு விழுந்தது.

நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. 1987, 2002 ஆகிய ஆண்டுகளின் தேசிய நீர்க் கொள்கைகள் இரண்டுமே, நீர்ப் பங்கீட்டில் முதலிடம் குடிநீருக்கே எனத் தெளிவாக வரிசைப்படுத்தியிருந்தன. ஏட்டில் இருந்த வரிசையை அணைக்குக் கொண்டுவர ஒரு பொதுநல வழக்கு தேவைப்பட்டது.

தப்பிய கரும்பு: இந்த உத்தரவுகளை மக்கள் வரவேற்றனர். ஆனால், கணக்குப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கேட்டனர். மொத்தச் சாகுபடிப் பரப்பில் 4 சதவீதத்தைக்கூட எட்டாத கரும்பு, மகாராஷ்டிரத்தின் பாசன நீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உறிஞ்சுவதாக, மத்திய அரசின் வேளாண் விளைபொருள் செலவு மற்றும் விலைகள் ஆணையமே சுட்டிக்காட்டியிருந்தது. மழை குறைந்த மராத்வாடாவிலும் கரும்பு பரவியிருந்தது. அதை நம்பிச் சர்க்கரை ஆலைகளும் பெருகியிருந்தன. கரும்பின் நீர்க் கணக்குக்கு முன்னால் மைதானத்துக்கு ஊற்றிய 60 லட்சம் லிட்டரும், லாத்தூருக்கு நீர் கொண்டுசென்ற அந்த 50 பெட்டி ரயிலுக்கு மூன்று நடைக்கும் குறைவான அளவும் ஒன்றே. பீர் ஆலைகளின் பங்கும் கரும்பின் பங்கோடு ஒப்பிடத் தக்கதல்ல.

ஆனாலும் ஆட்டம் மாறியது, பீர் குறைந்தது, கரும்பு மட்டும் தப்பியது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளே மகாராஷ்டிர அரசியல்வாதிகள் பலரின் செல்வாக்குக்கு அடித்தளம். கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் அவற்றை நிர்வகித்து வந்துள்ளனர். மைதானத்தின் பச்சைப் புல்லும் பீர்ப் புட்டியும் தொலைக்காட்சியில் தெரியும். கரும்புத் தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் தெரிவதில்லை. வாக்குக்கு அஞ்சும் அரசு தொடத் தயங்கியதை, மனுவில் கேட்டதை மட்டுமே விசாரிக்கும் நீதிமன்றமும் தொட இயலவில்லை. எனினும், நீரின்றித் தவிக்கும் மாவட்டத்தின் எல்லையில் நின்று அந்தக் கரும்பைப் பயிரிட்ட சிறு விவசாயியைக் குற்றவாளியாக்குவதும் நியாயமாகாது. உறுதியான விலையும் உறுதியான கொள்முதலும் அவருக்குக் கரும்பில் மட்டுமே கிடைத்தன. துவரைக்கும் சோளத்துக்கும் அந்த உறுதியை அளிக்க வேண்டிய பொறுப்பு அரசுகளுடையது.

மதுவும் வருவாயும்: பீர் விஷயத்தில் மாநில அரசுகள் தாமாக முன்வந்து கைவைக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதே சட்டம் மது மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் மனிதர் அருந்தும் மது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரத்தைப் பெருமளவு இழந்துவிட்ட மாநிலங்களுக்குத் தம் விருப்பப்படி உயர்த்திக்கொள்ள எஞ்சியுள்ள சில வழிகளில் மது முக்கியமானது.

இந்த இரட்டை நிலையும் அதே 2016 கோடையில் வெளிப்பட்டது. அந்த ஏப்ரலில் பிகாரில் முதல்வர் நிதீஷ் குமார் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தமிழகத்தில் மே மாதத் தேர்தலை மதுவிலக்கு வாக்குறுதிகளுடனேயே கட்சிகள் சந்தித்தன. மீண்டும் முதல்வரான ஜெயலலிதா, பதவியேற்ற நாளிலேயே 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவிட்டார். மதுவால் சீரழியும் குடும்பங்களைப் பற்றி எல்லா மாநிலங்களிலும் பேச்சு இருந்தது. மதுவுக்காகச் செலவாகும் நீரைப் பற்றிய பேச்சு, அணை வறண்ட ஒரு பகுதியில் மட்டுமே எழுந்தது.

விடுமுறையிலும் மதிய உணவு: தில்லியில் அதே மே மாதத்தில் மற்றொரு தீர்ப்பும் வெளியானது. வறட்சி குறித்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதிக்கப்பட்ட பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிகளில் மதிய உணவு வழங்க வேண்டும் என மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முட்டை, பால் அல்லது அதற்கு ஈடான சத்துணவை வாரத்தில் மூன்று நாள்களாவது அளிக்க வேண்டும் என்றும் கூறியது. குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் மாம்பழமும் பாட்டி வீடும் விளையாட்டும்தான் நினைவுக்கு வரும். வறண்ட மாவட்டங்களின் குழந்தைகளுக்கோ, பள்ளி மூடப்பட்டால் ஒருவேளைச் சோறு குறையும்.

பின்வந்த கோடைகள்: லாத்தூர் ரயிலை வேறு மாநிலத்துச் செய்தியாகப் படித்த தமிழகம், மூன்றே ஆண்டுகளில் அதே காட்சியைத் தன் தலைநகரில் கண்டது. ஏரிகள் வறண்ட நிலையில், 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது.

2024 கோடையில் பெங்களூரின் முறை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய அந்த மார்ச் மாதத்தில், காரைக் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீரைப் பயன்படுத்தியோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சின்னசாமி மைதானத்தில் ஐபிஎல் ஆட்டங்கள் நின்றுவிடவில்லை. ஆனால் மைதானத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே வழங்கப்பட்டது. 2016-இல் மும்பையில் கடைசி நேரச் சமாதானமாக முன்வைக்கப்பட்ட யோசனை, எட்டு ஆண்டுகளில் நடைமுறையாகிவிட்டது. விளையாட்டை நிறுத்தாமலேயே குடிநீரைக் காக்க முடியும் என்பதை அது காட்டியது. பீர் ஆலையும், நட்சத்திர விடுதியும், கரும்பு வயலும் இதே போன்ற கணக்குக்கு உட்படுத்தப்பட்டால்தான் அந்தப் பாடம் முழுமை பெறும்.

அதே 2024 மே மாத இறுதியில் தில்லி சஃப்தர்ஜங் வானிலை மையத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. குழாய் வைத்துக் காரைக் கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என தில்லி அரசு அறிவித்தது. கூடுதல் நீர் கேட்டு உச்ச நீதிமன்றத்தை நாடியது. மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு நீதிமன்றம் கூறிவிட்டது. ஹரியாணாவிடம் நீர் கேட்டு ஜூன் மாதத்தில் தில்லி அமைச்சர் ஆதிஷி உண்ணாவிரதம் இருந்தார். வெளிநாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியின் குடிசைப் பகுதிகளில், வந்து நின்ற டேங்கர் லாரி மீது ஏறி, ரப்பர் குழாய்களைச் செருகிக் கேன்களை நிரப்பினர் மக்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் கன்னாட் பிளேஸ் இருக்கிறது. அடுத்த கோடையிலும் அங்கே திரை ஒளிரும், நண்பர்கள் கூடுவர், கோப்பைகள் நிரம்பும். அது நடக்கட்டும். சாணக்கியபுரியின் கேன்கள் அதற்கு முன்னதாக நிரம்பியிருக்க வேண்டும் என்பதே நீர்க் கொள்கையில் எழுதப்பட்ட வரிசை. அதை நிறைவேற்ற ஒவ்வொரு வறட்சியிலும் நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பதுதான் குறை.