கைபேசியா, தனிக் கேமராவா? பாலாற்றங்கரையில் தெரியும் வேறுபாடு

சேலம் மாவட்டம் மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பக்தர்கள் மாநில எல்லையைக் கடக்கும் இடம் பாலாறு. வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு; இது மலைப்பகுதியிலிருந்து இறங்கிவந்து காவிரியில் கலக்கும் சிற்றாறு. 1997-ஆம் ஆண்டு சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை கர்நாடகப் பகுதியிலுள்ள இந்த எல்லை மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

ஒருபுறம் ஆறு, மறுபுறம் யானைகள் நடமாடும் காடு. இத்தகைய இடத்தில் வண்டியை நிறுத்தும் எவரும் முதலில் கையில் எடுப்பது கைபேசியைத்தான். குடும்பப் படம், ஆற்றின் காட்சி, மாலை வெயில், அக்கரையில் யானை தென்பட்டால் அதுவும் என அனைத்தையும் அந்தச் சிறு கருவியே பதிவு செய்யவேண்டியிருக்கிறது. இவற்றில் எதை அது நன்றாகச் செய்யும், எங்கே தனிக் கேமரா தேவைப்படும் என்பது, பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. சில வேளைகளில் அது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான செய்தியும் ஆகிறது.

சுருங்கிய சந்தை

ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை சுமார் 12.1 கோடி. 2023-இல் அது சுமார் 77 லட்சமாகக் குறைந்தது. அதாவது, 13 ஆண்டுகளில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கியது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய கேமராக்களின் இடத்தைக் கைபேசி முழுமையாகப் பிடித்துக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணம்.

ஆயினும், லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய கேமராக்களின் விற்பனை தொடர்கிறது. கைபேசியால் இன்னும் நிரப்ப முடியாத இடைவெளி ஒன்று இருப்பதையே இது காட்டுகிறது. அந்த இடைவெளி எது என்பதைப் புரிந்துகொண்டால், வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு எளிதாகிவிடும்.

கைபேசி வெல்லும் இடங்கள்

நண்பகலில் பாலாற்றுப் பாலத்தருகே நின்று படம் எடுப்பதாகக் கொள்வோம். நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும்; மரநிழலில் நிற்பவர்களின் முகமோ இருண்டிருக்கும். தனிக் கேமராவில் ஒருமுறை ஷட்டரை அழுத்தினால், முகம் தெளிவாக வரும்போது ஆறு வெளுத்துப் போகலாம். ஆறு சரியாக அமைந்தால் முகம் கறுத்துப் போகலாம். பின்னர் கணினியில் திருத்தினால்தான் இரண்டும் சீராகும்.

கைபேசி இதே வேலையை நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது. பொத்தானைத் தொடும்போது அது ஒரு படத்தோடு நிற்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களைப் பதிவு செய்து, வெளிச்சமான பகுதியையும் நிழலான பகுதியையும் ஒப்பிட்டு, ஒரே படமாக இணைக்கிறது. 2013-ஆம் ஆண்டில் கூகுளின் நெக்சஸ் கைபேசியில் வந்த இத்தகைய வசதி, இன்று குறைந்த விலைக் கைபேசிகள் வரை பரவிவிட்டது.

அச்சிடுவதிலும் கைபேசிக்குக் குறையில்லை. 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் அளவுள்ள ஆல்பம் படத்தை நல்ல தரத்தில் அச்சிட சுமார் 22 லட்சம் பிக்சல்கள் போதும். 12 மெகாபிக்சல் படத்தை ஏறத்தாழ 13 அங்குல அகலம் வரை அதே தரத்தில் அச்சிடலாம். எனவே பகல் வெளிச்சத்தில், சில அடி தூரத்தில் நிற்பவர்களை எடுக்கும் குடும்பப் படங்களுக்குத் தனிக் கேமரா தேவையில்லை. இரண்டு கிலோ எடையுள்ள கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவரைவிட, கையில் கைபேசி வைத்திருப்பவரே அந்தப் படத்தை எடுக்கிறார்.

மெகாபிக்சல் அல்ல, பரப்பளவு

கைபேசி விளம்பரங்களில் 50, 108, 200 மெகாபிக்சல் என்ற எண்களே பெரிதாகத் தெரியும். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் அதைவிட முக்கியமானது, ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் பரப்பளவு.

பல உயர்தரக் கைபேசிகளின் முதன்மைச் சென்சார் சுமார் 10 மில்லிமீட்டர் அகலமும் 7 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. முழுச் சட்டகக் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பளவில் இது ஏறத்தாழ 12 மடங்கு. தொடக்கநிலைக் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகைச் சென்சார்கூட கைபேசியினுடையதைப் போல் ஐந்து மடங்கு பெரியது.

மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் வைக்கும் பாத்திரத்தோடு இதை ஒப்பிடலாம். அகன்ற அண்டாவில் சிறிது நேரத்திலேயே நீர் சேரும். குவளையில் அவ்வளவு சேராது. ஒளியும் அப்படித்தான். வெயில் கொட்டும்போது குவளையும் நிரம்பிவிடுகிறது. அந்தி சாய்ந்த பின்னரே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. அருகருகே உள்ள பல பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பிக்சலாகக் கணக்கிடுவதன் மூலம் கைபேசிகள் இக்குறையை ஓரளவு சமாளிக்கின்றன. 200 மெகாபிக்சல் கைபேசி வழக்கமாகத் தரும் படம் 12 மெகாபிக்சல் அளவில் இருப்பதற்கு இதுவே காரணம்.

யானையும் ஆறு மீட்டரும்

பாலாறு போன்ற இடத்தில் இரு கருவிகளுக்கும் இடையிலான மிகப்பெரிய வேறுபாடு தொலைவில்தான் இருக்கிறது. இதை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம்.

3 மீட்டர் உயரமுள்ள யானை ஒன்று 100 மீட்டர் தொலைவில் நிற்கிறது. கைபேசியின் முதன்மை லென்ஸ், கேமரா மொழியில் சொன்னால், சுமார் 24 மில்லிமீட்டருக்கு இணையான அகலக் கோண லென்ஸ். அதில் எடுத்தால், படத்தின் உயரத்தில் யானை சுமார் 3 விழுக்காடு மட்டுமே இருக்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும் ஒரு கரும்புள்ளி. ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் உள்ள விலை உயர்ந்த கைபேசியில் அது 14 விழுக்காடு அளவுக்கு வரும். முழுச் சட்டகக் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், அதே இடத்தில் நின்றபடி யானை படத்தின் பாதி உயரத்தை நிறைக்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும். யானை படத்தின் பாதி உயரத்தை நிறைக்க வேண்டுமெனில், கைபேசியின் முதன்மை லென்ஸை வைத்திருப்பவர் அதிலிருந்து 6 மீட்டருக்கும் குறைவான தொலைவில் நிற்க வேண்டும். ஐந்து மடங்கு லென்ஸ் இருந்தாலும் 28 மீட்டர் வரை நெருங்க வேண்டும். ஆசிய யானைகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியவை என்பதை, தாய்லாந்தில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வேகத்தில் 6 மீட்டரைக் கடக்க ஒரு நொடி போதும். 28 மீட்டருக்கு நான்கு நொடி.

2025 ஆகஸ்ட் மாதம் கர்நாடகத்தின் பந்திப்பூர் வனப்பகுதிச் சாலையில் நடந்தது இதற்குச் சான்று. வாகனத்திலிருந்து இறங்கிக் காட்டு யானையை நெருங்கிப் படமெடுக்க முயன்ற ஒருவரை அது துரத்தித் தாக்கியது. அவர் உயிர் பிழைத்தார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. சரணாலயங்களில் வன உயிரினங்களைச் சீண்டுவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

கைபேசியின் அகலக் கோண லென்ஸ் திரையில் எல்லாவற்றையும் தொலைவில் இருப்பதுபோலவே காட்டும். 20 மீட்டரில் நிற்கும் விலங்கும் திரையில் சிறிதாகத் தெரிவதால், இன்னும் சில அடி முன்னே போகலாம் என்ற எண்ணம் எழுகிறது. திரையை நம்பாமல் கண்ணை நம்புவதே பாதுகாப்பானது.

ஆற்றிலும் இதே நிலைதான். கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும்போது காவிரியில் வெள்ளம் விரைவாக உயரும். அந்நாள்களில் கரையில் நின்று தற்படம் எடுக்க வேண்டாம் என மாவட்ட நிர்வாகங்கள் எச்சரிப்பது வழக்கம். தற்படம் எடுப்பவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்பதே அந்த எச்சரிக்கையின் அடிப்படை.

இருளும் அசைவும் சேரும்போது

இரவுப் படங்களில் கைபேசி தோற்றுவிடும் என்ற பொதுக் கருத்து பாதி மட்டுமே சரி. மைசூரு தசரா விழாவின் இரண்டு காட்சிகள் இதைத் தெளிவாக்கும்.

சுமார் ஒரு லட்சம் மின்விளக்குகளால் ஒளிரும் மைசூரு அரண்மனை அசையாத காட்சி. கைபேசியின் இரவு முறை சில நொடிகளுக்குப் பல படங்களை எடுத்து அடுக்குவதால், கையை அசைக்காமல் பிடித்தாலே சிறந்த படம் கிடைத்துவிடும். விஜயதசமி இரவில் பன்னிமண்டபம் மைதானத்தில் நடைபெறும் தீப்பந்த அணிவகுப்பு அப்படியல்ல. இருட்டில் பந்தங்களும் குதிரைகளும் மனிதர்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். பல படங்களை அடுக்கும் முறை இங்கே பலிக்காது; உருவங்கள் மங்கிக் கலங்கிவிடும்.

பெரிய சென்சாரும் அகன்ற துளையுள்ள லென்ஸும் கொண்ட கேமரா, நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்திலேயே இக்காட்சியை உறையவைக்கும். கைபேசி லென்ஸின் துளை சுமார் 4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பலரும் வாங்கும் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸின் துளையோ 28 மில்லிமீட்டர். மங்கிய மேடை வெளிச்சத்தில் பரதம் ஆடும் மகள், மின்விளக்கில் நடக்கும் கபடிப் போட்டி, கோயில் தேரோட்டத்தின் இரவு உலா ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

படத்தில் இருப்பது எவ்வளவு உண்மை?

கைபேசி படத்தை எடுப்பதோடு, அதைத் தானே திருத்தியும் தருகிறது. வானத்தின் நீலத்தைக் கூட்டுகிறது, தோலை மெருகேற்றுகிறது, பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்குகிறது. முடியின் ஓரங்களும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பும் சில படங்களில் சிதைந்து தெரிவது இக்கணக்கு பிசகுவதால்தான். தனிக் கேமராவில் அந்த மங்கல், லென்ஸின் இயல்பால் உண்டாவது.

2023 மார்ச் மாதத்தில் எழுந்த சர்ச்சை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. இணையப் பயனர் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் கேலக்ஸி கைபேசியால் படமெடுத்தார். மூலப் படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைபேசிப் படத்தில் தோன்றின. நிலவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவின் உதவியால் விவரங்களை மேம்படுத்தும் வசதியே இது என அந்நிறுவனம் விளக்கமளித்தது.

வாழ்த்துப் படத்துக்கு இது பொருட்டல்ல. நிலத்தகராறு, விபத்து, பயிர்ச் சேதம் போன்றவற்றுக்குச் சான்றாகப் படம் எடுப்போர் மட்டும் அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு, பெரிதாக்காமல், மூலக் கோப்பை அப்படியே பாதுகாப்பது நல்லது.

யார் வாங்கலாம்?

லென்ஸ் மாற்றும் புதிய கேமராவும் அதனுடன் வரும் லென்ஸும் இந்தியாவில் பெரும்பாலும் அரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த லென்ஸும் தொலைவில் உள்ளவற்றை எடுக்க உதவாது. அதற்குத் தனி லென்ஸ் வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவில் 70–300 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தினால் 450 மில்லிமீட்டருக்கு இணையான எட்டல் கிடைப்பதால், பறவைகளையும் விலங்குகளையும் எடுக்கத் தொடங்குவோருக்கு அது ஏற்றது.

பறவை நோக்குவோர், விளையாட்டும் மேடை நிகழ்ச்சிகளும் எடுப்போர், பெரிய அளவில் அச்சிடுவோர் ஆகியோருக்குத் தனிக் கேமரா பயன் தரும். பயணமும் குடும்ப நிகழ்வுகளும் மட்டுமே எடுப்போர், அதே பணத்தை நல்ல கைபேசிக்கும் படங்களைச் சேமிக்கும் வன்வட்டுக்கும் செலவிடலாம்.

கருவியைவிடப் பழக்கமே முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், பல பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிய கேமராவைப் பயன்படுத்தினார்; அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' எனப் பெயரும் வைத்தார். அவருடைய கறுப்பு-வெள்ளை யானைப் படங்கள் இன்றும் பேசப்படுவதற்கு, விலங்கின் நடத்தையை அவர் அறிந்திருந்ததே முதற்காரணம்.

கையில் உள்ளதைக் கொண்டே

கைபேசியிலேயே சிறந்த படம் பெறச் சில வழிகள் உண்டு. லென்ஸை மெல்லிய துணியால் துடைத்த பிறகு எடுக்க வேண்டும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டுத் தெரியும் என்பதால், சில அடி பின்னே சென்று இரு மடங்கு முறையில் எடுப்பது நல்லது. அதற்கு மேல் விரலால் பெரிதாக்குவது, கைபேசியில் அதற்கெனத் தனி லென்ஸ் இல்லாதபோது, படத்தை வெட்டிப் பெரிதாக்குவதற்குச் சமம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுவிடும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் மூலத் தரம் குறையாது. நீர் புகாத கைபேசி என்ற நம்பிக்கையில் ஆற்றில் இறங்குவதும் கூடாது. நீரால் ஏற்படும் பழுது பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேராது. கைபேசி தொலைந்தால் படங்களும் போய்விடும் என்பதால், மாதம் ஒருமுறை வேறொரு சேமிப்பகத்தில் பிரதி எடுத்து வைப்பதும், முக்கியமான சிலவற்றை அச்சிட்டு வைப்பதும் அவசியம்.

பாலாற்றங்கரையில் நிற்கும் பயணிக்கு, ஆற்றையும் உடன் வந்தவர்களையும் பதிவு செய்யக் கைபேசி தாராளமாகப் போதும். அக்கரையில் யானை தென்பட்டால், தொலைநோக்கு லென்ஸ் வைத்திருப்பவர் நின்ற இடத்திலிருந்தே எடுக்கட்டும். மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்காமல் கண்ணால் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வதே முறை.